கேளம்பாக்கம் வட்டாரத்தில் வீட்டு வெந்நீர்க் கலன்கள்: வரலாறும் பழுதறிதலும்

வெந்நீர்க் கலன் என்பது குளிப்பதற்கான நீரைச் சூடாக்க வீடுகளில் பயன்படும் பாத்திரம் அல்லது கருவி. விறகடுப்பின் மேல் ஏற்றப்பட்ட தவலை, நடுவில் கரிக்குழாய் கொண்ட செம்பு பாய்லர், எரிவாயு கீசர், மின்சார கீசர், மொட்டைமாடிச் சூரிய வெந்நீர்க் கலன் ஆகியவை தமிழ்நாட்டு வீடுகளில் வழக்கில் இருந்தவை, இருப்பவை. சென்னையின் தென்புறநகரில், குறிப்பாகக் கேளம்பாக்கத்தை ஒட்டிய கடலோரப் பகுதியில், இக்கலன்களின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவற்றில் ஊற்றப்படும் நீரே. திறந்த பாத்திரத்தில் நீரின் குறை கண்ணுக்குத் தெரிந்தது. மூடிய கலன் அதை மறைத்தது. இவ்வட்டாரத்தில் பழைய கீசர் ஒன்றின் பழுதைக் கண்டறிவது, அந்த மறைந்த குறையை அடையாளங்களின் வழியே மீண்டும் படித்தறியும் வேலையாகும்.

வட்டாரமும் அதன் நீரும்

கேளம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையில் அமைந்துள்ள ஊர். மேற்கே வண்டலூருக்கும் கிழக்கே கோவளத்துக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும், கோவளம், முட்டுக்காடு பகுதிகளின் உப்பங்கழியும், அவற்றை ஒட்டி உப்பளங்களும் உள்ளன. தெற்கே தையூர் ஏரி இருக்கிறது. நன்னீர் ஏரிக்கும் உப்புக்கழிக்கும் இடையே அமைந்திருப்பதால், சில தெருக்கள் தள்ளியிருக்கும் இரு கிணறுகளின் நீர் கூட ஒரே சுவையில் இருப்பதில்லை. மக்கள் பேச்சில் ஒன்று 'நல்ல தண்ணீர்', மற்றொன்று 'உப்புத் தண்ணீர்'.

'உப்புத் தண்ணீர்' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு குறைகளைக் குறிக்கிறது. முதலாவது, சோடியம் குளோரைடு எனப்படும் சாதாரண உப்பு மிகுந்திருப்பது. இது நாக்கில் கரிக்கும், உலோகத்தை அரிக்கும். இரண்டாவது, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுந்திருப்பது. இதுவே கடினநீர். இதில் சோப்பு நுரைக்காது. சூடாக்கினால் வெண்ணிறப் படிவு உண்டாகும். கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் இரண்டு குறைகளும் சேர்ந்தே காணப்படுவதுண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500, 2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. குடிப்பதற்கு அனுமதிக்கப்படும் அந்த உயர் அளவு நீரே ஒரு கீசருக்குக் கடுமையான நீர்.

தாம்பரம் பக்கத்து நிலம் பாறைப்பாங்கானது. அங்கே பாறை வெடிப்புகளில் தேங்கும் நீர் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு கடினமாகிறது. கேளம்பாக்கம் பக்கம் கடல் அருகில் இருப்பதால் உவர்ப்பும் சேர்கிறது. எனவே ஒரே புறநகர் எனப் பொதுவாகச் சொல்லப்படும் இவ்விரு பகுதிகளிலும் கலன்கள் கெடும் விதமும் வேறுபடும்.

உப்பளம் காட்டும் வேதியியல்

கீசருக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள உப்பளமே எளிய வழி. கடல்நீர் ஒரே பாத்தியில் உப்பாவதில்லை. முதலில் அது பெரிய தேக்கப் பாத்திகளில் வெயிலில் வற்றுகிறது. அடர்த்தி கூடக்கூட முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும் அடியில் படிகின்றன. கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரி. அது 25 டிகிரியை நெருங்கும்போதுதான் சாதாரண உப்பு படிகமாகத் தொடங்கும். அந்நிலையில் நீர் தனிப் பாத்திக்கு மாற்றப்படுவதால் உப்பு சுண்ணாம்பு கலக்காமல் கிடைக்கிறது. மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் கடைசியில் எஞ்சும்.

கீசரிலும் முதலில் படிவது கால்சியம் கார்பனேட்டே. ஆனால் இங்கே நீர் வற்றுவதில்லை, காரணம் வேறு. நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடேறும்போது கரியமில வாயு வெளியேற, கரையாத கால்சியம் கார்பனேட்டு பிரிந்து, மிகச் சூடான பரப்பின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரையைப் போலன்றி இப்பொருள் சூடு கூடக்கூடக் குறைவாகவே கரையும். ஆகவே படிவு முதலில் உருவாகும் இடம் காயிலின் மேற்பரப்பாகும். நீர் வற்றாததால் சாதாரண உப்பு படிவதில்லை. அது கரைந்தே இருந்து தொட்டியின் உலோகத்தை அரிக்கும். உப்பளத்தில் பாத்தி பாத்தியாகப் பிரியும் இரு பொருள்களும் கீசரில் ஒரே கலனை இரு விதமாகக் கெடுக்கின்றன.

தவலையும் வெந்நீர் அடுப்பும்

மின்சாரம் வருவதற்கு முந்தைய வீடுகளில் வெந்நீர் கொல்லைப்புறத்தில் தயாரானது. செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய அடுப்பின் மேல் பித்தளை அல்லது செம்புத் தவலை நிரந்தரமாக ஏற்றப்பட்டிருக்கும். தென்னை மட்டை, பாளை, காய்ந்த ஓலை, சுள்ளி, வரட்டி ஆகியவை எரிபொருளாயின. சமையலுக்குத் தேர்ந்த விறகும் வெந்நீருக்குக் கழிவு விறகும் என்ற பாகுபாடு பல வீடுகளில் இருந்தது.

செங்கல்பட்டுக் கடலோரத்தில் 19ஆம் நூற்றாண்டு முதல் சவுக்குத் தோப்புகள் பெருகின. கடலோர மணலில் விரைந்து வளரும் சவுக்கு நல்ல விறகு. 1806இல் எண்ணூர் நோக்கிய வெட்டுடன் தொடங்கிய கால்வாய், 1876-78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாகச் சென்னை நகருக்குள் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே இணைக்கப்பட்டு, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. விறகும் உப்பும் இக்கால்வாயில் படகுகளில் சென்ற முக்கியச் சரக்குகள். நகரத்து விறகுத் தொட்டிகளுக்கு வந்திறங்கிய கட்டைகளில் ஒரு பகுதி வெந்நீர் அடுப்புகளில் எரிந்தது. நீருக்கு உவர்ப்பைத் தந்த உப்பங்கழி வழியாகவே அந்நீரைச் சுடவைக்கும் விறகும் பயணம் செய்தது.

தினமும் வெந்நீரில் குளிப்பது அக்காலத்தில் பொது வழக்கமன்று. சென்னைப் பகுதியில் சனவரி மாதத்திலும் இரவு வெப்பநிலை பொதுவாக 20 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கும். வாரந்தோறும் எண்ணெய்க் குளியல், பிள்ளைப்பேறு, நோய், முதுமை, கைக்குழந்தை ஆகியவையே வெந்நீரின் முக்கியத் தேவைகள். ஆண்களுக்குச் சனி, பெண்களுக்கு வெள்ளி, செவ்வாய் என எண்ணெய்க் குளியலுக்கு நாட்கள் வகுக்கப்பட்டிருந்தன. தீபாவளிக்கு முதல்நாள் மாலை தவலையைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, நீர் நிரப்பிவைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் இன்றும் உள்ளது.

சடங்காகத் தோன்றும் இதில் ஒரு பராமரிப்பு ஒழுங்கும் இருந்தது. தவலையின் வாய் அகலமானது, கை உள்ளே போகும். அடியில் படிந்த வெள்ளைப் படிவைப் புளி, தேங்காய் நார், செங்கல் தூள் கொண்டு தேய்த்தெடுத்தனர். புளியிலுள்ள அமிலம் படிவைத் தளர்த்தும். படிவு தடித்தால் நீர் சுட நேரமாவதும் விறகு கூடுதலாகச் செலவாவதும் அடுப்பெரிப்பவருக்கு உடனே தெரியும். சோப்புக்குப் பதிலாகச் சீயக்காயும் அரப்பும் பயன்பட்டதற்கும் இந்நீரோடு பொருத்தம் உண்டு. சோப்பு கால்சியத்துடன் சேர்ந்து திரிந்து அழுக்குப் படலமாகிவிடும். சீயக்காயின் நுரைக்குக் காரணமான சப்போனின் அவ்வாறு திரிவதில்லை.

செம்பு பாய்லர்

தவலைக்கு அடுத்து வந்த செம்பு அல்லது பித்தளை பாய்லர், உருளை வடிவப் பாத்திரத்தின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய் கொண்டது. குழாயின் அடியில் இரும்புச் சட்டம் இருக்கும். அதன்மேல் கரியோ தேங்காய்ச் சிரட்டையோ எரியும். குழாயைச் சுற்றிலும் நீர் நிற்கும். பக்கத்தில் பித்தளைக் குழாய்த் திருகு இருக்கும். ரசியர்களின் சமோவார் இதே அமைப்புடையது. நெருப்பு நீரின் நடுவில் இருப்பதால் வெப்பம் வீணாவது குறைந்து, சிறிது கரியிலேயே நீர் சுடும்.

இந்த அமைப்பிலேயே பழுது மறையத் தொடங்கியது. நடுக்குழாய்க்கும் வெளிச்சுவருக்கும் இடையே கை நுழையாது. படிவு உருவாகும் இடம் நடுக்குழாயின் வெளிப்புறம். அது தடித்தால் செம்பின் வெப்பம் நீருக்குச் செல்வது தடைப்படும், ஏனெனில் சுண்ணாம்புப் படிவு செம்பைவிடப் பன்மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. நீரில்லாமல் எரித்தால் இணைப்பிலுள்ள ஈயப் பற்று உருகிக் கலன் ஒழுகும். ஆனாலும் அதன் வாய் திறந்தே இருந்தது, ஆகவே அழுத்தம் சேராது. வைத்த இடமும் முற்றமோ கொல்லையோ ஆகையால் கரிப்புகை வெளியே சென்றது. பின்வந்த கருவிகள் இந்த இரண்டு காப்புகளையும் இழந்தன.

பெரிய அளவில் இதே சிக்கலை நீராவி ரயில்கள் சந்தித்தன. கடினநீரால் கொதிகலனில் படியும் சுண்ணாம்பை நீக்க என்ஜின்களை அவ்வப்போது நிறுத்திக் கழுவ வேண்டியிருந்தது. சென்னை கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தொழிற்கூடக் கொதிகலன்களுக்கு 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் கட்டாயப் பரிசோதனை விதித்தது. அச்சட்டம் அழுத்தத்தில் நீராவி உண்டாக்கும் கலன்களுக்கானது. வீட்டு வெந்நீர்க் கலனுக்கு அத்தகைய பரிசோதகர் எவரும் இல்லை.

கீசரும் மின்சாரமும்

'கீசர்' என்பது ஐஸ்லாந்திலுள்ள கெய்சிர் என்ற வெந்நீர் ஊற்றின் பெயரிலிருந்து வந்த சொல். 1868இல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் எரிவாயுவால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவியை உருவாக்கி அதற்கு இப்பெயரைச் சூட்டினார். அக்கருவியில் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு குளியலறைக்குள்ளேயே தங்கியது. 1889இல் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த எட்வின் ரூட், நீரைச் சேமித்துத் தானே சூடாக்கி வைத்திருக்கும் கலனை வடிவமைத்தார். 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலப்புலோகக் கம்பி, சிவக்கச் சூடேறினாலும் எளிதில் எரிந்துபோகாதது. இன்றைய மின்காயில்களுக்கு அதுவே அடிப்படை.

சென்னை நகரில் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மின்விநியோகம் தொடங்கியது. அதை நடத்திய தனியார் நிறுவனத்தை 1947இல் அரசு ஏற்றது. 1957 சூலை 1 அன்று தமிழ்நாடு மின்சார வாரியம் உருவானது. கிராமங்களுக்கு மின்கம்பி விரிந்ததும், முதலில் விளக்கும் பம்புசெட்டும் வந்தன. வெந்நீருக்கு மின்சாரம் பிற்பாடுதான் பயன்பட்டது. பல வீடுகளில் வாளிக்குள் தொங்கவிடும் 'ஹீட்டர் ராடு' முதலில் நுழைந்தது. அதன் படிவு கண்ணுக்குத் தெரியும், சுரண்டவும் முடியும். ஆனால் உறையில் கீறல் விழுந்தால் வாளி நீர் முழுவதிலும் மின்சாரம் பாயும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றாமல் நீரைத் தொடுவதே இதில் நேரும் விபத்துகளுக்கு முக்கியக் காரணம்.

சேமிப்பு வகை மின்கீசர் இந்த ஆபத்தைக் குறைத்தது. காயில், வெப்பத்தை அளந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட், அது தவறினால் துண்டிக்கும் கட்-அவுட், அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வு, தொட்டியைக் காக்கும் மெக்னீசியத் தண்டு ஆகியவை ஒரே உறைக்குள் வந்தன. மெக்னீசியத் தண்டின் கோட்பாடு பழையது. 1824இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் செப்புத் தகட்டுடன் வேறோர் உலோகத்தை இணைத்து, அது முதலில் அரிபட்டுச் செம்பைக் காக்கும் என்று காட்டினார். கீசரிலும் தண்டு தேய்ந்து தொட்டியைக் காக்கிறது. தண்டு தீர்ந்த பிறகு அரிப்பு தொட்டியைப் பிடிக்கும்.

குளிர்நாட்டு முறையோடு ஒரு வேறுபாடு

ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்ப் பகுதிகளில் ஒரே கொதிகலனிலிருந்து வெந்நீரைக் குழாய்களில் அனுப்பி வீடு முழுவதையும் சூடாக்குகின்றனர். அங்கே அறைகளைச் சூடாக்கும் நீர் பெரும்பாலும் மூடிய சுற்றில் ஓடுவது. முதலில் நிரப்பிய நீரே திரும்பத் திரும்பச் சுற்றும். அதிலுள்ள சுண்ணாம்பு ஒருமுறை படிந்துவிட்டால் அதன்பின் புதிதாகச் சேர்வது சொற்பம். அத்தகைய பழைய அமைப்புகளில் துருச் சேறும் குழாயில் சிக்கிய காற்றுமே பெரிய தொல்லைகள்.

குளியல் கீசரின் நிலை வேறு. ஒவ்வொரு நாளும் பழைய நீர் வெளியேறிப் புதிய நீர் நுழைகிறது, அதனுடன் புதிய சுண்ணாம்பும் நுழைகிறது. நால்வர் கொண்ட வீட்டில் நாளொன்றுக்கு 60 லிட்டர் நீர் சூடாகிறது எனக் கொள்ளலாம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் மட்டுமே படிந்தாலும், 120 நாள் பயன்பாட்டில் சேரும் படிவு 720 கிராம். 15 லிட்டர்க் கலனுக்குள் ஒரே பருவத்தில் ஏறத்தாழ முக்கால் கிலோ சுண்ணாம்பு சேரும். அதில் ஒரு பகுதி குழாய் வழியே வெளியேறினாலும், அளவு எப்படிப் பெருகும் என்பதை இக்கணக்கு காட்டும்.

புறநகர் வளர்ச்சியும் ஆழ்துளைக் கிணறும்

2000இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பழைய மாமல்லபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலையாக மாறியது. சிறுசேரி வரையிலான ஆறுவழிச் சாலை 2008இல் பயன்பாட்டுக்கு வந்தது. சிறுசேரிக்கு அடுத்துள்ள படூர், கேளம்பாக்கம், தையூர் பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. குழாய்க் குடிநீர் போய்ச் சேருமுன் குடியிருப்புகள் எழுந்தமையால், ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே அவற்றின் முதல் நீராதாரங்கள் ஆயின.

கொல்லையும் முற்றமும் இல்லாத அடுக்குமாடியில் வெந்நீர் அடுப்புக்கு இடமில்லை. குளியலறைக்கு ஒரு கீசர் என்பது இயல்பானது. ஒரு வீட்டுக்கு ஒரு தவலை என்றிருந்த இடத்தில் இரண்டு, மூன்று மூடிய கலன்கள் வந்தன. சில குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் மொட்டைமாடிச் சூரியக் கலன்களிலிருந்து பொதுவாக வெந்நீர் வழங்கும் முறையும் உள்ளது. கண்ணாடிக்குழாய் வகைச் சூரியக் கலனில் கடினநீர் நேரடியாகச் சென்றால், படிவு குழாய்களுக்குள் சேர்ந்து வெயில் இருந்தும் நீர் சுடாத நிலை ஏற்படும்.

கடலோரத்தில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதப்பதுபோல் நிற்கிறது. மழை ஊட்டுவதைவிட அதிகமாக நன்னீரை இறைத்தால் உவர்நீர் மேலேறி உள்ளே வரும். 2003இல் தமிழ்நாடு அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டிடங்களுக்குக் கட்டாயமாக்கியது. 2013இல் கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் செயல்படத் தொடங்கியது. 2024இல் அங்கேயே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் திறக்கப்பட்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது புறநகர் வீடுகள் லாரி நீரையே நம்பியிருந்தன. லாரி நீர் வரும் கிணறு மாறினால் கடினத்தன்மையும் மாறும். ஒரே வீட்டுக் கீசர் ஒரே ஆண்டில் பலவகை நீரைச் சந்தித்தது.

பழைய கலனில் பழுதறிதல்

பல ஆண்டுகள் ஓடிய கீசரின் பழுதைப் படிப்படியாகக் கண்டறியலாம். மூடியைத் திறக்குமுன் சுவிட்சுடன் எம்.சி.பி.யையும் அணைத்தல் முதல் விதி. உள்வேலை பயிற்சி பெற்ற எலக்ட்ரீஷியனுக்குரியது. அடையாளங்களைப் படிப்பது வீட்டார் எவராலும் முடிவது.

நீர் தாமதமாகச் சுடுதல்: 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2 கிலோவாட் காயிலுக்கு ஏறத்தாழ 17 நிமிடம் போதும். இதைவிட மிகத் தாமதமானால் பலரும் படிவையே காரணமாகக் கருதுவர். விறகு பாய்லருக்கும் எரிவாயு கீசருக்கும் அது பொருந்தும், ஏனெனில் நீருக்குள் போகாத வெப்பம் புகையோடு வெளியேறிவிடும். மின்கீசரில் காயில் நீருக்குள்ளேயே இருப்பதால் அதன் வெப்பம் எப்படியும் நீரையே சேரும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது மின்னழுத்தம். 230 வோல்ட்டுக்குப் பதில் 200 வோல்ட் வந்தால் 2 கிலோவாட் காயில் ஏறத்தாழ 1.5 கிலோவாட்டே தரும். 17 நிமிடம் 22 நிமிடமாகும். மாலையில் தாமதமும் நள்ளிரவில் சரியான நேரமும் இருந்தால் குறை பெரும்பாலும் மின்னழுத்தத்தில். எந்நேரமும் வெதுவெதுப்போடு நின்றுவிட்டால் தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க வேண்டும்.

சத்தம்: சூடேறும்போது பாத்திரத்தில் கல் உருள்வது போன்ற ஒலி கேட்டால் அது படிவின் அடையாளம். காயிலின் மேலுள்ள ஓட்டின் அடியில் சிக்கிய நீர் சிறு குமிழிகளாகக் கொதித்து உடைவதே அவ்வொலி. படிவு காயிலின் வெப்பத்தை வெளியேற விடாமல் அதையே மிகையாகச் சூடாக்கி, உறையை வெடிக்கச் செய்யும். மின்கீசரில் படிவின் முக்கியத் தீங்கு மின்கட்டணத்தைவிடக் காயிலின் ஆயுளில்தான் தெரியும்.

மின்பாதுகாப்புச் சுவிட்ச் விழுதல்: கீசரைப் போட்டவுடனோ சில நிமிடங்களிலோ கசிவுமின் துண்டிப்பான் விழுந்தால், காயில் உறையில் கீறல் விழுந்து மின்சாரம் நீரில் கசிகிறது என்று கொள்ள வேண்டும். துண்டிப்பானை மாற்றுவதோ அதைத் தவிர்த்து நேரடியாக இணைப்பதோ தீர்வாகாது. உயிரைக் காத்த கருவியைக் குற்றவாளியாக்கும் தவறு அது. எர்த் இணைப்பு இல்லாத பழைய வீடுகளில் இக்கசிவு வெளியே தெரியாமலே இருக்கும். குழாயைத் தொடும்போது 'சுர்' என்று உணர்வது அதன் ஒரே எச்சரிக்கை.

வால்வு சொட்டுதல்: நீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 1.3 விழுக்காடு விரிவடையும். 15 லிட்டர்க் கலனில் அது 200 மில்லிலிட்டர், ஒரு டம்ளர் அளவு. அந்நீர் மேல்தொட்டிக்குத் திரும்ப முடியாதபடி ஒருவழி வால்வு இருந்தால், பாதுகாப்பு வால்வு வழியே சொட்டுவது இயல்பு. சொட்டுகிறது என்று அதை அடைப்பது இக்கருவியில் செய்யக்கூடிய மிக ஆபத்தான வேலை. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதான நாளில் நீர் 100 டிகிரிக்கு மேலும் அழுத்தத்தில் திரவமாகவே நிற்கும். தொட்டி பிளந்தால் அது ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். கடினநீர்ப் பகுதியில் படிவு அந்த வால்வைத் தானாகவே அடைத்துவிடக்கூடும். ஆகவே வால்வின் நெம்புகோலை அவ்வப்போது தூக்கிப் பார்ப்பது அவசியம்.

வெந்நீர்க் குழாயில் மட்டும் நீர் குறைதல்: தண்ணீர்க் குழாயில் வேகம் சரியாக இருந்து வெந்நீர்க் குழாயில் மட்டும் நூலாக வந்தால், கீசரின் வெளிவழியிலோ இணைப்புக் குழாயிலோ படிவு அடைத்துள்ளது. ஷவரின் துளைகளில் வெள்ளைத் துகள்கள் காணப்படும்.

துருநிறமும் அடிக்கசிவும்: வெந்நீர் மட்டும் பழுப்பாக வந்தால் மெக்னீசியத் தண்டு தீர்ந்து தொட்டி அரிக்கத் தொடங்கியிருக்கும். அந்நிலையில் தண்டை மாற்றினால் கலனைக் காக்க வாய்ப்புண்டு. தொட்டியின் அடியிலிருந்தே கசிந்தால் பழுதுபார்ப்பு பயன் தராது. காயிலும் தெர்மோஸ்டாட்டும் மாற்றத்தக்கவை. ஓட்டையான தொட்டி மாற்றத்துக்குரியது.

இவ்வட்டாரத்துக்குரிய மற்றொரு காரணம் பருவம். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியின் நீரே சுடும். கீசர் பல மாதம் சும்மா கிடந்து, ஐப்பசி மழையில் மீண்டும் போடப்படும். தேங்கிய உவர்நீர் அதுவரை தொட்டியை அரித்திருக்கும். கோடையின் தொடக்கத்தில் கீசரை வடித்துச் சுத்தம் செய்வதும், மழைக்காலத்துக்கு முன் நீர் நிரப்பிச் சோதிப்பதும் இச்சிக்கலைக் குறைக்கும். தீபாவளிக்கு முதல்நாள் தவலை துலக்கிய வழக்கம் விழுந்ததும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான்.

எரிவாயு கீசரில் முதலில் பார்க்க வேண்டியது கருவியை அல்ல, அறையை. காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிவாயு முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவது எச்சரிக்கை. தலைவலியும் மயக்கமும் தோன்றியபின் கதவைத் திறக்க வலுவிருக்காது. மாகனின் முதல் கருவியில் இருந்த அதே குறை இது. கருவியைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் பொருத்துவது தீர்வு. செம்பு பாய்லர் கொல்லையில் இருந்தமையால் இயல்பாகக் கிடைத்த பாதுகாப்பும் இதுவே.

மென்னீராக்கமும் அதன் விலையும்

கடினநீரை மென்மையாக்கும் முயற்சி பழையது. 1841இல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க், நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தே சுண்ணாம்பைப் படியவைத்து நீக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியர் ராபர்ட் கான்ஸ் சியோலைட் முறையை உருவாக்கினார். இன்று அடுக்குமாடிகளில் உள்ள மென்னீராக்கிகள் அக்கோட்பாட்டில் இயங்குபவை. நீரின் கால்சியத்தைப் பிசின் மணிகள் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கும். மணிகள் நிறைந்ததும் அவற்றைச் செறிந்த உப்புக்கரைசலால் கழுவ வேண்டும். தமிழகக் கிராமங்களில் கலங்கல் நீரைத் தெளியவைத்த தேற்றான்கொட்டை சேற்றைப் படியவைக்குமே தவிர, கரைந்துள்ள கடினத்தன்மையை நீக்காது.

மென்னீராக்கி கீசரைக் காக்கிறது. ஆனால் 'உப்புத் தண்ணீரை' மாற்ற அது உப்பையே கேட்கிறது. கழுவிய உப்புக்கரைசல் முறையான வடிகால் இல்லாத இடத்தில் நிலத்துக்குள் போனால், அதே நிலத்திலிருந்து இறைக்கும் கிணற்று நீர் மேலும் உவர்ப்பாகும். மழைநீரில் கால்சியம் அநேகமாக இல்லை. ஆகவே மொட்டைமாடி மழைநீரைக் கிணற்றில் இறக்குவது கடினத்தன்மையைத் தணிக்கும், உவர்நீர் உள்வருவதையும் தடுக்கும். கலனுக்குள் செய்யத்தக்க எளிய வழி வெப்ப அளவைக் குறைப்பது. 60 டிகிரிக்குப் பதில் 50 முதல் 55 டிகிரியில் வைத்தால் படிவு குறையும். எனினும் பலர் பயன்படுத்தும் பொதுக் கலன்களில் நீரைச் சேமித்து வைக்கும்போது 60 டிகிரிக்குக் குறையாமல் வைப்பதே பரிந்துரை, ஏனெனில் வெதுவெதுப்பான தேங்குநீரில் நுரையீரல் நோய் உண்டாக்கும் லெஜியோனெல்லா நுண்ணுயிர் வளரும்.

விறகு கரியாகி, கரி மின்சாரமாகி, எரிபொருள் பலமுறை மாறியது. கேளம்பாக்கத்தில் கலனுக்குள் ஊற்றப்படும் நீர் மென்மையாகவில்லை. தவலை இருந்த காலத்தில் குடும்பத்தில் ஒருவர் ஆண்டுதோறும் கைவிட்டுத் துலக்கி அந்நீரின் குறையை அறிந்திருந்தார். மூடிய கீசரில் அந்த அறிவை ஒலி, நேரம், நிறம், சொட்டு ஆகியவற்றிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. அதே அடையாளங்கள் கிணற்றின் நிலையையும் சொல்லும். ஓரிரு ஆண்டுகளிலேயே காயில் மாற்ற வேண்டிவரும் வீட்டில், அடுத்த காயிலை வாங்குமுன் கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்புவது பயனுள்ள முதல் படியாகும்.